நண்டு வளை

"சாட்சிய சுருக்கமா சொல்லுங்க. போன வருசம் ஒருத்தர் மாடு கன்னு போட்ட கதைய ஆரம்பிச்சு, அவர் முடிக்கிறதுக்குள்ள பிரியாணி ஆறிப்போச்சு" என்றாள் மலர்க்கொடி. வெள்ளைச் சட்டையின் காலரில் இஸ்திரிப்பெட்டியை அழுத்திக்கொண்டிருந்தாள்.

ரெத்தினம் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. இன்று சபையில் அறுப்பின் பண்டிகை. தை மழையில் ஊர்ப் பயிரெல்லாம் சாய்ந்து கிடக்க, தன் வயல் மட்டும் எப்படித் தப்பியது என்று அவர் மைக் முன்னால் நின்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமையே பாஸ்டரிடம் போய், "ஐயா, எனக்குச் சாட்சி வேணாங்க. நான் அதுக்கு லாயக்கில்ல" என்று சொல்லிப் பார்த்தார். பாஸ்டர் தோளைத் தட்டி, "இந்தத் தாழ்மைதான் பிரதர் ஆண்டவருக்குப் பிடிக்கும்" என்றுவிட்டார். குற்றத்தைச் சொல்லப் போனவர் பாராட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்.

அறுப்பு மிஷினுக்குச் சொல்லி வைத்திருந்த வாரத்தில்தான் மழை பிடித்தது. வடிகால் வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு கிடந்ததால் வயலில் நின்ற தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. மலர்க்கொடி உபவாச ஜெபத்துக்குக் கிளம்பும்போது, "கர்த்தர் பாத்துக்குவாரு, நீங்க பேசாம படுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவரும் படுத்தார். நம்பிக்கை இல்லாத மனிதர் என்று அவரைச் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்பே ஞானஸ்நானம் எடுத்தவர், அறுவடையில் தசமபாகம் தவறாதவர். ஆனால் கூரைத் தகரத்தில் மழை அடிக்க அடிக்க, பழுத்த கதிரின் கழுத்துக்குத் தண்ணீர் ஏறுவது படுத்த இடத்திலேயே தெரிந்தது. கர்த்தர் பார்த்துக்கொள்வார், சரி, எப்போது பார்ப்பார்? அந்தக் கேள்வியோடு எழுந்து மண்வெட்டியைத் தேடினார்.

பட்டப்பகல்தான். மழைக்கு வெளியே ஈ காக்கை இல்லை. அவர் வயலுக்குக் கீழே, பள்ளத்தில் இருப்பது ராஜாத்தியின் குத்தகை வயல். புருஷன் திருப்பூர் கம்பெனியில் வேலை செய்கிறான். அவள் ஒண்டியாக நாலு பக்கமும் வரப்பை உயர்த்தி, வாடகை இன்ஜின் வைத்துத் தண்ணீரை இறைத்துப் பயிரை நிற்க வைத்திருந்தாள். அன்று மத்தியானம் சாப்பிடப் போயிருந்தாள். ரெத்தினம் நடுவரப்பில் நாலு வெட்டு வெட்டினார். அவ்வளவுதான், தண்ணீருக்கு வழி கிடைத்துவிட்டது.

மண்வெட்டி வெட்டிய இடம் நேராக இருக்கும். தானாக உடைந்த வரப்பு அப்படி இருக்காது. அதனால் வெட்டின ஓரங்களைக் காலாலேயே மிதித்து உருக்குலைத்துவிட்டுத்தான் வந்தார். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுவது அதற்குத்தான். வெட்டியதைப் பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். மிதித்ததை என்னவென்று சொல்வது?

மறுநாள் ராஜாத்தி வரப்பில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "நண்டு வளைண்ணே. பாவி நண்டு தோண்டித் தோண்டி வரப்பையே வாங்கிருச்சு." அவர் இறங்கி உடைப்பை அடைத்துக் கொடுத்தார். "நீங்க இல்லாட்டி நான் என்னண்ணே பண்ணியிருப்பேன்" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் பயிர் படுத்துவிட்டது. நெல் தண்ணீரிலேயே முளைத்தது. கொள்முதல் நிலையத்தில் கையில் அள்ளிப் பார்த்தவர்கள் தலையை ஆட்டித் திருப்பி அனுப்பினார்கள்.

வாசலில், "அண்ணி, கிளம்பிட்டீங்களா?" என்று குரல் கேட்டது. ராஜாத்திதான். தீபாவளிச் சேலை கட்டியிருந்தாள். கையில் ஒரு சிறு கட்டுக் கதிர். நெல்மணிகளிலிருந்து வெளுத்த முளைகள் காய்ந்து நூல் நூலாகத் தொங்கின.

"முதல் கதிர் கொண்டாரணும்னு சொன்னீங்கல்ல. எங்கிட்ட இதுதான் இருக்கு."

"இவளும் இன்னிக்கு நம்மகூட வர்றா" என்றாள் மலர்க்கொடி கணவரிடம். அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

ராஜாத்தி அவரைப் பார்த்துச் சொன்னாள். "ஒரே மழைதாண்ணே பெஞ்சுது. உங்க வயல விட்டுட்டு என் வயல அள்ளிட்டுப் போச்சு. அண்ணி முழங்கால் போட்டது கேட்டிருக்கு. அந்தச் சாமிய நானும் ஒரு தடவ கேட்டுப் பாக்குறேன்."

சபைக்குப் போகும் வழியெல்லாம் ரெத்தினம் பெண்களுக்குப் பின்னால் நடந்தார். உண்மையைச் சொன்னால் மலர்க்கொடியின் ஜெபம் என்ன ஆகும்? ராஜாத்தி திரும்ப இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பாளா? பேசாமல் இருந்துவிட்டால் ஒரு ஆத்துமா கர்த்தரிடம் வந்து சேரும். இந்த நியாயம் அவருக்கு மிகவும் வசதியாக இருந்தது. வசதியாக இருந்ததுதான் அவரை அறுத்தது. அன்றைக்கும் கர்த்தர் கையில் விடாமல் தானே பார்த்துக்கொண்டார். இன்றைக்கும் கர்த்தரின் பெயரைத் தானே காப்பாற்றப் பார்க்கிறார்.

சபையில் மேசை நிறையப் பூசணியும் வாழைத்தாரும் தேங்காயும். ரெத்தினத்தின் பொன்னிறக் கதிர்க்கட்டை பாஸ்டரின் மனைவி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் நிறுத்தினார். ராஜாத்தியின் கட்டை வாங்கி ஒரு நொடி பார்த்துவிட்டு, பூசணிக்குப் பின்னால் வைத்தார். ராஜாத்தி அதைக் கவனித்துவிட்டுக் கவனிக்காதது போல உட்கார்ந்துகொண்டாள். ரெத்தினத்துக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

பாட்டு முடிந்ததும் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தார்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்றது சபை. அது அடங்கிய பிறகு பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் தனியாக, தயங்கித் தயங்கி அதையே சொன்னது. ராஜாத்தி.

"அன்னிக்கு மத்தியானம் மழை பெய்யயில நான் வீட்ல படுத்திருந்தேன்" என்று ஆரம்பித்தார். மலர்க்கொடி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். "அப்புறம் எந்திரிச்சு, மண்வெட்டிய எடுத்துக்கிட்டு வயலுக்குப் போனேன்."

மலர்க்கொடியின் தலை ஆடாமல் நின்றது. இது அவள் அறியாத கதை. பின்வரிசையில் யாரோ, "அல்லேலூயா" என்றார்கள்.

"ராஜாத்தி" என்றார் ரெத்தினம்.

சபையின் தகரக் கூரைக்குக் கீழே எங்கும் அந்தப் பெயர் கேட்டது. தன்னையும் சாட்சி சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, அவள் முந்தானையைச் சரிசெய்தபடி, சிரித்த முகத்தோடு எழுந்து நின்றாள்.