பூசணிக்காயை வென்ற கொப்பி

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து வேதக் கோயிலில் அறுப்புப் பண்டிகைக் காணிக்கை ஏலம். பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே சலோமி தன் கொப்பியையும் காணிக்கையாக வைத்திருந்தாள். வேதத்தில் ஆடு மேய்த்தவனே பாட்டெழுதியிருக்கும்போது கொழுந்து பறிப்பவள் எழுதினால் என்ன என்று தோன்றியதில், ஒரு வருடமாக நாளுக்கொரு நன்றி எழுதி நிரப்பிய கொப்பி. யாரும் ஏலம் கேட்காவிட்டால் முகத்தை எங்கே வைப்பது?

பூசணிக்காய்க்கு அடித்துக்கொண்ட கூட்டம், ஏலம் விட்ட உபதேசியார் கொப்பியைத் தூக்கிக் காட்டியதும் கூரையைப் பார்த்தது.

"சரக்கக் காட்டாம வெல கேட்டா எப்புடிங்க உபதேசியாரே? ஒரு பக்கம் வாசிங்க," என்றார் ஞானமுத்துக் கங்காணி.

உபதேசியார் நடுவில் புரட்டி வாசித்தார்: "ஆண்டவரே, இன்னைக்கு மூடுபனி அனுப்பினதுக்கு நன்றி. நான் மலையில உக்காந்து புத்தகம் படிச்சது கங்காணி கண்ணுக்குத் தெரியல."

கோயில் சிரிப்பில் குலுங்கியது.

"நான் இன்னும் எத்தன பக்கத்துல இருக்கேன், புள்ள?" என்றார் கங்காணி.

"முப்பதுக்குக் கொறையாதுங்க," என்றாள் சலோமி.

கங்காணி அவசரமாக விலை கேட்டார். மற்றவர்கள் விடுவார்களா? மீதிப் பக்கங்களுக்கு ஆசைப்பட்டு ஏற்றிக்கொண்டே போனார்கள். கடைசியில் பூசணிக்காயையும் சேவலையும் தாண்டிய விலைக்குக் கங்காணியே எடுத்தார்.

தன் எழுத்துக்கு ஊரே போட்டி போட்டதைப் பார்த்த சலோமி தலைநிமிர்ந்து வீட்டுக்கு நடந்தாள். புதுக் கொப்பியின் முதல் நன்றி கங்காணிக்குத்தான்.