அளவு தெரியாத வாப்பா

அஃப்ஸலுக்குத் துபாயில் கடை கடையாக ஏறி இறங்கத் தெரியும், மகளின் அளவு மட்டும் தெரியாது. காயல்பட்டினத்தில் அவன் மனைவி ஜஹ்ரா இதைச் சொல்லிச் சொல்லியே பெருநாள் கொண்டாடினாள். வயதைப் பார்த்து அவன் அனுப்பிய கவுன் போன வருஷம் கணுக்காலைத் தொட்டது, இந்த வருஷம் தரையையே கூட்டியது. "ஒரு தடவ வந்து பிள்ளையப் பாத்துட்டுப் பொறவு வாங்குங்க" என்று போனில் அவனைப் பிடிபிடியென்று பிடித்தாள். பாவம், அவனும் சிரித்துக்கொண்டே தப்பை ஒப்புக்கொண்டான்.

எட்டு வயது ருஷ்தா எதற்கும் அடம்பிடிக்காத பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுருண்டு படுத்துவிடுவாள். சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருக்க, இவள் ஃபேனை நிறுத்தச் சொல்லிப் போர்வையை இழுப்பாள். நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை என்றுதான் ஜஹ்ரா அவளைத் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனாள்.

குழந்தை டாக்டர் அனுசியா வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வறண்ட தோலைத் தடவினார், சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தார். "கடைசியா எப்பம்மா இவளுக்கு உடுப்பு சின்னதாப் போச்சு?"

ஜஹ்ரா மகளின் உடுப்பைக் குனிந்து பார்த்தாள். ருஷ்தா போட்டிருந்தது ஆறு வயதில் வந்த பெருநாள் கவுன். இன்னும் கச்சிதமாக இருந்தது. துணியைப் பத்திரமாக வைத்துக்கொள்கிற பிள்ளை என்று ஊரெல்லாம் பெருமையடித்திருந்தாள். கண்முன்னால் வைத்துக்கொண்டே கவனிக்காமல் போனோமே என்று மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "கழுத்துல இருக்குற தைராய்டு சுரப்பி போதுமான அளவு சுரக்கல. சோர்வு, குளிர், மலச்சிக்கல் எல்லாம் அதனாலதான். காலைல வெறும் வயித்துல ஒரு மாத்திரை. அரை மணி நேரம் கழிச்சுதான் டீயே. நீங்களா நிறுத்திரக் கூடாது."

"வளருவாளா டாக்டர்?"

"விடாம போட்டா வளருவா."

விஷயம் கேட்டு அஃப்ஸல் போனிலேயே பிள்ளையின் அளவை எடுத்து அனுப்பச் சொன்னான். ஜஹ்ரா அழுதுகொண்டே எடுத்தாள்.

விடிகாலை பஜ்ர் தொழுத கையோடு தினமும் மாத்திரை. சில மாதத்தில் ருஷ்தா ஃபேனுக்குச் சண்டை போட்டாள், சோற்றுக்கு இரண்டாம் தடவை தட்டை நீட்டினாள்.

அடுத்த பெருநாளுக்கு அஃப்ஸல் லீவில் வந்தான். ஜஹ்ரா அன்று அனுப்பிய அளவுக்கே பார்த்துப் பார்த்து வாங்கிய கவுனை மகளுக்கு மாட்டினான். ஜிப் பாதியில் நின்றுவிட்டது. விளிம்பு முழங்காலுக்கு மேலே ஏறிக்கிடந்தது.

"வாப்பாக்கு அளவே தெரியல" என்று ருஷ்தா உதட்டைப் பிதுக்கினாள்.

"நீ அனுப்புன அளவுதானே..." அஃப்ஸல் ஜஹ்ராவைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தான்.

ஜஹ்ரா ஏறாத ஜிப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"இந்த வருஷமும் தப்பாத்தான் வாங்கிட்டு வந்திருக்கிய" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.