அருந்ததிக்குப் பின்னால் போகும் தண்ணீர்

உருத்திரபுரத்து வாய்க்கால் தண்ணீர் 2010ஆம் ஆண்டிலிருந்து அருந்ததிக்குப் பின்னால்தான் போய்க்கொண்டிருக்கிறது. அவர் வயலுக்குப் போனால் வயலுக்குப் போகும், சங்கக்கடைக்குப் போனால் சங்கக்கடைக்குப் போகும். கடைக்காரர் பருப்பு மூட்டைகளைப் பலகைக்கு மேல் ஏற்றிவைத்தார். அந்த விடயம் அதோடு முடிந்துவிட்டது. மற்றவர்களின் தண்ணீர் முறை நாளில் அவர்களுடைய வயலுக்கும் அருந்ததிதான் நடந்து கொடுத்தார்.

2006இல் உரம் வாங்க வவுனியாவுக்குப் போன அவருடைய கணவர் நடராசா, சண்டையில் பாதை பூட்டுப்பட்டதால் அங்கேயே நின்று, பிறகு கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். அலுமாரியில் கிடந்த கணவரின் நீல நிற நீட்டுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அருந்ததி மண்வெட்டியை எடுத்தார். முதல் நாள் சிரித்த ஊர், அடுத்த போகத்தில் யோசனை கேட்டு அவரிடமே வந்தது. சண்டை முற்றி எல்லோரும் எழும்பி ஓடினார்கள். செட்டிகுளம் அகதி முகாமில் ஒரு வாளி தண்ணீருக்கு அவர் ஐந்து மணித்தியாலம் வரிசையில் நின்றார். தண்ணீர் அதை மறக்கவில்லை என்பது ஊரின் கணிப்பு. திரும்பி வந்து, பக்கத்து வீட்டு நாகேஸ்வரியும் இன்னும் ஏழு பெண்களும் துணை நிற்க, தூர்ந்துபோன வாய்க்காலை வெட்டித் திறந்த அன்று, தண்ணீர் வயலோடு நிற்காமல் வீட்டுப் படலைவரை அவர் கூடவே வந்தது.

2017இல் நடராசா இரண்டு கம்பளிப் போர்வையோடும் ஒரு சென்ட் போத்தலோடும் வந்து சேர்ந்தார். உரம் வரவில்லை. மூன்றாம் நாள் மண்வெட்டியைத் தன் பக்கம் இழுத்துவைத்தார்.

“நான் வந்திட்டன். இனி நீர் குசினியைப் பாரும். வயல் என்ர பொறுப்பு.”

பதினொரு வருடத்தில் தனக்கென்று அருந்ததி சம்பாதித்தது அந்த மண்வெட்டியைத்தான்.

“ஓம், பாக்கிறன். தண்ணியிட்டையும் ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போங்கோ” என்றுவிட்டு அடுப்பு மூட்டப் போனார்.

கதிர் வெளிவரும் முன் நெல் குடலையில் நின்ற, தண்ணீர் தப்பக்கூடாத நேரம். நடராசா வரம்பை வெட்டிவிட்டுக் காத்திருந்தார். தண்ணீர் குசினிக்குள் முழங்காலளவு நின்றது. பானைகள் மிதந்தன, அருந்ததி கதிரையில் ஏறி நின்று கீரை கடைந்தார். தண்ணீர் சட்டையைத்தான் அடையாளம் பிடித்து வைத்திருக்கிறது என்று நடராசா கண்டுபிடித்தார். சட்டை தன்னுடையதுதானே! கொடியில் காய்ந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு வாய்க்கால் கட்டின்மேல் நடந்தார். தண்ணீர் குசினியை விட்டு வெளியே வந்தது, கொஞ்சத் தூரம் தொடர்ந்தது, சட்டைக்குள் இருந்தவரை ஒரு நிமிடம் பார்த்தது, குசினிக்கே திரும்பிவிட்டது. நாகேஸ்வரி சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் வயல் வெடித்து, இலை சுருண்டது. நடராசா குசினித் தண்ணீருக்குள் நின்று சட்டையைக் கழற்றி நீட்டினார்.

“இஞ்சரும், பயிர் சாகுது. வயலுக்கு ஒருக்கா நடவுமன்.”

“சமையல்?”

“நான் பாக்கிறன்.”

“இண்டைக்கு மட்டுமோ?”

மிதந்துபோன தேங்காய்ப் பாதியை நடராசா எட்டிப் பிடித்தார். “இல்லை” என்றார்.

இப்போது நடராசா நன்றாகவே குழம்பு வைக்கிறார். உப்பு மட்டும் கொஞ்சம் கூட. அருந்ததி கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்டால், சைக்கிளில் மணியடித்தபடி முன்னால் போய், “அவா வாறா, நெல்லை அள்ளுங்கோ!” என்று கத்துகிறவரும் அவர்தான். தெருவில் நெல் காயவிட்டிருப்பவர்கள் அள்ளிக்கொண்டு வழி விடுகிறார்கள்.