எர்த் இல்லாத சுவர்

பிளக் பாயிண்டின் மூடியைக் கழற்றியதும் ஏசி மெக்கானிக் யாவோருக்கு ரத்தம் தலைக்கேறியது. எர்த் முனைக்கும் நியூட்ரலுக்கும் நடுவே ஒரு துண்டுச் செம்புக் கம்பியை முறுக்கி வைத்திருந்தார்கள்.

ரூசே நகரத்துப் பழைய அடுக்குமாடிகளில் சுவருக்குள் இரண்டு கம்பிகள்தான். எர்த் கிடையாது. அதற்கு ஆளாளுக்குக் கண்டுபிடித்த வழி இது. கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், மின்சாரம் அந்தத் துண்டு வழியாக நேரே இயந்திரத்தின் தகர உடம்பில் வந்து நிற்கும்.

இந்த வீட்டு ஏசியைச் சுவரில் பொருத்தியவன் யாவோர்தான், எட்டு நாளைக்கு முன். குளிர்காலத்தில் வீட்டுக்குச் சூடும் அதுதான் தர வேண்டும். படிக்கட்டு ஓரத்து போர்டிலிருந்து எர்த்தோடு சேர்த்து மூன்று கம்பி தனியாக இழுக்கும்வரை கரண்ட் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். வீட்டுக்காரர் ஸ்தாமென் சரி சரி என்றார். அவன் தெருமுனை தாண்டியதும் தம்பி கெஞ்சோவைக் கூப்பிட்டு, பக்கத்திலிருந்த பிளக்கில் இந்தச் செம்புத் துண்டை முறுக்கவைத்து ஏசியை மாட்டிக்கொண்டார்.

இன்று காலை ஸ்தாமெனின் மனைவி தெசிஸ்லாவா போன் செய்தாள். பால்கனியில் துணி காயப்போடும்போது ஏசியின் வெளி யூனிட்டில் முழங்கை பட்டால் சுருக்கென்கிறதாம். கணவரிடம் சொன்னதற்கு, ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளச் சொன்னாராம்.

"நாப்பது வருஷமா இந்தக் கட்டடத்துல எல்லார் வீட்லயும் இப்படித்தான்பா. ஒருத்தனும் சாகல," என்றார் ஸ்தாமென். "நீ காலேஜ்ல படிச்சவன், பேப்பர்ல எர்த் போடுவே. கெஞ்சோ கையால போடறவன்."

நாளை மறுநாள் மகன் திமிதரின் பெயர்நாள், அவன் பெயருக்குரிய புனிதரின் திருநாள். இருபது பேர் வருகிறார்கள். கம்பி பதிக்கவென்று புதிதாகப் பூசிய சுவரில் உளி வைக்க விடமாட்டேன் என்று அவர் வழிமறித்து நின்றார்.

யாவோர் அவரைச் சுற்றிக்கொண்டு போய், வாசல் பக்கத்துச் சின்ன போர்டில் கரண்ட்டை அணைத்துவிட்டுத் திறந்தான். நியூட்ரலின் அலுமினியக் கம்பி திருகாணிக்கு அடியில் கருகிப்போயிருந்தது. லேசாக இழுத்ததுமே கையோடு வந்தது. அது முழுசாக விட்டுப்போனால் என்ன ஆகும் என்று காட்ட, அதைத் தனியே ஒதுக்கி வைத்து, மறுபடி கரண்ட் கொடுத்தான். கணவன் மனைவி இருவரையும் பால்கனிக்கு அழைத்துப் போய், எதையும் தொடாதீர்கள் என்று தெசிஸ்லாவாவைத் தள்ளி நிறுத்தினான். டெஸ்டரை யூனிட்டின் தகரத்தில் வைத்தான். விளக்கு பளிச்சென எரிந்தது.

"தொடுங்க அண்ணே," என்றான் ஸ்தாமெனிடம். அவர் தொட வந்தால் தடுக்க, குறுக்கே ஒரு கையை நீட்டித்தான் வைத்திருந்தான்.

ஸ்தாமென் சிரிக்கப் பார்த்தார்.

"செருப்பு போட்டிருக்கீங்கல்ல. ஒருத்தனும் சாகலைன்னீங்கல்ல. தொடுங்க."

ஸ்தாமெனின் கை மெல்லக் கோட்டுப் பைக்குள் போய்விட்டது. தெசிஸ்லாவா பார்த்தது அந்தக் கையைத்தான்.

"எட்டு நாளா நான் தொட்டுக்கிட்டிருக்கேன்," என்றாள். "ஈரக் கையோட."

விறுவிறுவென உள்ளே போய், சுவரோரச் சோபாவை ஒரே தள்ளாகத் தள்ளினாள். "எங்கேருந்து உடைக்கணும் தம்பி?"

விருந்தாளிகள் வருகிறார்களே என்று ஸ்தாமென் இழுத்தார்.

"கேட்டா, ஏன் உடைச்சோம்னு நானே சொல்லிக்கறேன். உங்க கையைப் பத்தியும் சொல்றேன்."

அவளே கரண்ட்டை அணைத்து, யாரும் போட்டுவிடாதபடி போர்டை மறித்து நின்றுகொண்டாள். கோபம் துளியும் இறங்காமல் யாவோர் சுவரில் உளியை வைத்தான்.