ஆறு புள்ளி எட்டு

மனித இனம் தோன்றிய நாள்முதல் இன்றுவரை செத்துப்போன பத்தாயிரம் கோடிப் பேரில் ஒருவர்கூடத் தலையெழுத்தால் சாகவில்லை. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம் உண்டு. ஒவ்வொரு காரணத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைத் தேட உடம்பு வளையாதவர்கள்தான் தலையெழுத்து என்கிறார்கள்.

இதைக் கலைவேந்தன் அறிவித்தபோது அவன் கையில் அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டும் இருந்தன.

"சேத்துப் புடி மாப்ள," என்றார் தாய்மாமா பக்கிரி. வேட்டி ஓரத்தில் கிழித்த நாடாவை விரல்களில் சுற்றிக்கொண்டிருந்தார். "எண்ண அப்பறமா தேடிக்கலாம். வெரலு வெறைக்கறதுக்குள்ள கட்டணும்."

"அவரு சொல்றாரு மாமா, தலையெழுத்துன்னு. அம்பத்தாறு வயசுல."

"யாரு?"

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த ஒரு பெரியவரைக் கலைவேந்தன் கண்ணால் காட்டினான். அவர் தலையெழுத்தை எப்போதோ முடித்துக்கொண்டு பாகூர் ஏரியில் தண்ணீர் எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்ற பேச்சுக்குப் போயிருந்தார்.

பக்கிரி இரண்டு முடிச்சு போட்டார். வீங்கிய விரல்களில் நாடா புதைந்து காணாமல் போனது. தெருமுனையில் ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டி பின்பக்கமாக வரும் பீப் பீப் சத்தம் கேட்டது.

"எழுந்திரு. பொட்டி வந்துடுச்சி," என்றார் மாமா.

அப்பா ஆதிமூலம் விடியற்காலையில் இறந்திருந்தார். மூன்று வாரமாக வாந்தி. பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்தார். இரண்டு நாளாகப் படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார். இன்று ஐந்து மணிக்கு அம்மா விருத்தாம்பாள் டீ எடுத்துக்கொண்டு போனபோதும் உட்கார்ந்துதான் இருந்தார். நூற்றெட்டுக்குப் போன் செய்தார்கள். வந்தவர்கள் நாடியைப் பார்த்துவிட்டு வண்டியின் விளக்கை அணைத்தார்கள். புதுச்சேரி விடுதியிலிருந்து கலைவேந்தன் பைக்கில் வந்து சேர்ந்தபோது மணி ஏழு.

அவன் பொருளாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வாளன். நான்காவது ஆண்டு. அவன் வேலை பார்த்த ஆய்வுக்கு 'வயல், வருமானம், உடல்' என்று பெயர். பாகூர், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களில் முந்நூற்றுப் பன்னிரண்டு விவசாயிகளைக் கணினி குலுக்கலில் தேர்ந்தெடுத்து, மூன்று துறைக்காரர்கள் ஒரே வேனில் வந்து இறங்கினார்கள். பயிர்க்காரர்கள் நெல் இலையின் பச்சையை அளந்தார்கள். பொருளாதாரக்காரர்கள் வீட்டில் எத்தனை ஃபேன் என்று கேட்டார்கள். உடலியல்காரர்கள் ரத்தம் எடுத்தார்கள். மூன்று துறையும் உண்மையிலேயே ஒருங்கிணைந்தது மதியம் பிரியாணிப் பொட்டலம் பிரிக்கும்போது மட்டும்தான்.

குலுக்கலில் ஆதிமூலமும் விழுந்தார். கலைவேந்தன் அதில் தலையிடவில்லை. அவனுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. முறைப்படி அப்பாவின் பெயர் மறைக்கப்பட்டு வயலுக்கு ஓர் எண்ணும் உடலுக்கு வேறோர் எண்ணும் கொடுக்கப்பட்டன. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பூட்டப்பட்டது. வயல் எண்ணை மட்டும் ஊரே அறியும், ஏனென்றால் அதைத் தகரப் பலகையில் எழுதி வரப்பில் நட்டிருந்தார்கள். அந்த வயலின் விளைச்சல் வரைபடத்தில் மற்ற எல்லாவற்றையும் தாண்டித் தனியாக உயரத்தில் நின்றது. பயிர்க்காரர்கள் அவரைப் பலகையோடு நிற்க வைத்துப் படம் பிடித்தார்கள். படத்தில் அவர் செருப்பில்லாமல் நிற்கிறார்.

இறந்தவர்களின் வீட்டில் கேட்க வேண்டிய கேள்விப் படிவத்தைத் தயாரித்தவன் கலைவேந்தன். களப்பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தவனும் அவன்தான். காரணங்களின் பட்டியலில் கடைசி எண் தொண்ணூற்றொன்பது: 'தெரியாது / தலையெழுத்து / கடவுள் செயல்'. பயிற்சியின்போது அதைத் திரையில் காட்டி, "இது நம்பர் இல்ல, சோம்பேறித்தனம்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஊர்க்காரர்கள் கையை மேலே காட்டுவதுபோல் ஒருமுறை காட்டினான். இன்னும் சிரித்தார்கள். அதோடு விடாமல், யாராவது அந்த எண்ணை அழுத்தினால் 'நிஜமாகவே முயன்றீர்களா?' என்று டேப்லெட் கேட்கும்படியும் செய்து வைத்தான்.

பதினோரு மணிக்கு ஜெயசீலன் மாலையோடு வந்தான். வில்லியனூர்க்காரன், களப்பணியாளன், கலைவேந்தனின் கூட்டாளி. மாலையைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு கலைவேந்தனைத் தேடி மாட்டுக்கொட்டகைப் பக்கம் வந்து, தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அவன் தோளில் பை இருந்தது. பையில் டேப்லெட் துருத்திக்கொண்டிருந்தது.

"ஃபார்ம் எடுத்தாந்தியா?" என்றான் கலைவேந்தன்.

"இல்ல மச்சி. பைய எடுக்கும்போது அதுவும் வந்துடுச்சி. காரியம் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

"எதுக்கு அப்பறம்? நாள் ஆக ஆக மறந்துடும்னு நானே கிளாஸ் எடுத்துட்டு, எங்க வூட்லயே தள்ளிப் போட்டா இன்னா அர்த்தம்? எடு. காரணத்தோட போடு."

"மச்சி, வாணாம்டா."

"எடுடா."

குரல் உயர்ந்துவிட்டது. அழுதுகொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். விருத்தாம்பாள் எழுந்து வந்தாள். அவள் காலையிலிருந்து ஒரே புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்து, மூக்கின் நுனி சிவந்திருந்தது.

"இன்னாடா கலை? இன்னா கேக்குது இந்தப் புள்ள?"

"அப்பா எப்பிடி எறந்தாருன்னு எழுதணும்மா. நீதான் கூட இருந்த. கேக்கறதுக்கு பதில் சொல்லு."

"எழுதினா?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. திட்டமிடல், கொள்கை வகுத்தல், வருங்காலச் சந்ததி. நூறு வீடுகளில் சொல்லியிருக்கிறான். இப்போது, "மத்தவங்களுக்கு ஒதவும்," என்று மட்டும் சொன்னான்.

அவள் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தாள். ஜெயசீலன் அவள் எதிரில் குந்திக்கொண்டு டேப்லெட்டைத் திறந்தான். இறந்தவர் என்று குறித்துப் பெயரை அழுத்தியதும் பூட்டியிருந்த பட்டியலில் அவர் வரி திறந்தது.

"கால் வீங்கியிருந்துச்சாம்மா?"

"ஒரு மாசமா. செருப்பே நொழையல. நடந்து நடந்து வீங்கிச்சின்னாரு."

"மூச்சு?"

"வாங்கிச்சி."

"யூரின் எப்பிடிம்மா போனாரு?"

விருத்தாம்பாள் மகனைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தாள். "நொர நொரயா போவுதுன்னாரு. கொஞ்சமாத்தான் போவுதுன்னாரு. முதுகு வலிக்குதுன்னு மெடிக்கல்ல மாத்தர வாங்கிப் போட்டுகினே இருந்தாரு."

கலைவேந்தன் குறுக்கே புகுந்தான். பாடம் நடத்தும் குரல் அவனுக்குத் தானாக வந்தது. "பாத்தியா? கால் வீக்கம், நொர, வாந்தி, மூச்சு. கிட்னிடா. அப்பறம் இதுல இன்னா தலையெழுத்து? போடு, முப்பத்தேழு."

"இரு மச்சி, இடிக்குது," என்றான் ஜெயசீலன். திரையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தான். "போன ஆவணில எடுத்த ரத்தம் இங்க இருக்கு. அப்பாவோட நம்பர் நாப்பத்திமூணு. உப்பு பாரு, சீரோ புள்ளி ஆறு எட்டு. முந்நூத்திப் பன்னெண்டு பேர்ல இவ்ளோ நல்லா யாருக்கும் இல்லடா. எட்டு மாசத்துல எப்பிடி கிட்னி போவும்?"

சிறுநீரகம் கழித்துத் தள்ளவேண்டிய கழிவைத்தான் ஊரில் உப்பு என்பார்கள். ஒன்றைச் சுற்றி இருந்தால் நல்லது.

கலைவேந்தன் குனிந்து திரையைப் பார்த்தான்.

நாற்பத்துமூன்றாம் எண்ணை அவனுக்குத் தெரியும், யாருடையது என்று மட்டும் இதுவரை தெரியாது. போன புரட்டாசியில், விடுதி அறையில், முந்நூற்றுப் பதினொரு புள்ளிகள் திரையில் ஒரு கோட்டை ஒட்டிக் கூட்டமாகக் கிடந்தபோது, ஒரு புள்ளி மட்டும் யாரோடும் சேராமல் மேலே தனியாக நின்றது. நாற்பத்துமூன்று: ஆறு புள்ளி எட்டு. அந்த ஒன்றால் கோடு வளைந்தது. அவன் சிறிது நேரம் யோசித்தான். அதிக நேரம் இல்லை. கீழே மெஸ்ஸில் பூரி போட்டிருந்தார்கள். இந்த அளவில் ஒரு மனிதன் எழுந்து நடமாட முடியாது, வயல்வேலை செய்ய முடியாது. ஆய்வகத்தில் யாரோ தசமப் புள்ளியை இடம் மாற்றி அடித்திருக்கிறார்கள். புள்ளியை ஓர் இடம் இடப்பக்கம் நகர்த்தினான். சீரோ புள்ளி ஆறு எட்டு. பக்கத்தில் குறிப்பும் எழுதினான்: 'உயிருள்ள உடலுக்குப் பொருந்தாத மதிப்பு, திருத்தப்பட்டது.' அந்தப் புள்ளி இறங்கிவந்து மற்றவற்றோடு கலந்துகொண்டது. கோடு நிமிர்ந்தது. பேராசிரியர் பார்த்துவிட்டு, "இப்பதான் அழகா இருக்கு," என்றார்.

அப்படித் திருத்திய கோப்பை வைத்துத்தான் கடிதங்கள் அனுப்பினார்கள். கோளாறு தெரிந்த பதினொரு பேருக்கு, உடனே பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி.

"லெட்டரு வரலையேடா," என்றாள் விருத்தாம்பாள்.

கலைவேந்தன் அம்மாவைப் பார்த்தான்.

"நீதானே சொன்ன, கோளாறு இருந்தா லெட்டர் வரும், வரலன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம்னு. எதிர்வூட்டுக்கு வந்துச்சி. நம்ம வூட்டுக்கு வரல. அத்தயே சொல்லிகினு திரிஞ்சாரு. டீக்கடையில, பம்புசெட்ல, அல்லார்கிட்டயும். ஆராய்ச்சியே எனுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுச்சி, எம்புள்ள ஆராய்ச்சின்னு." முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எடுத்தாள். "நான் ஆஸ்பத்திரிக்கு வான்னு கூப்ட்டேன். லெட்டர் வந்தவன் போவட்டும்டின்னாரு. நானும் வுட்டுட்டேன். கைய புடிச்சி இழுத்துகினு போயிருக்கணும். போவல. நாந்தான் சாவ வுட்டுட்டேன்."

"அப்பிடிலாம் சொல்லாதீங்கம்மா," என்றான் ஜெயசீலன்.

"பின்ன இன்னா சொல்றது? நீ சொல்லு கலை. படிச்சவன் நீ. இன்னாத்தாலடா போனாரு?"

கொட்டகையில் பசுமாடு காலை மாற்றி வைத்தது. வாசலில் மேளக்காரர்கள் தோலைக் காய்ச்சுவதற்கு ஓலை கொளுத்தினார்கள். புகை இந்தப் பக்கம் வந்தது. ஜெயசீலனின் விரல் திரைக்கு மேலே காத்திருந்தது. கலைவேந்தனின் சட்டைப்பையில் போன் இருந்தது. போனில் அந்தப் பழைய கோப்பு இருந்தது. ஆய்வகம் அனுப்பியது அனுப்பியபடி, ஒரு புள்ளியும் நகராமல். எடுத்துக் காட்ட அரை நிமிடம் போதும்.

அவன் கையைச் சட்டைப்பைமேல் வைத்தான். அப்படியே வைத்திருந்தான்.

"உன்னால இல்லம்மா," என்றான்.

"பின்ன?"

"தலையெழுத்தும்மா."

காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அவளிடம் சொன்ன வார்த்தைதான். ஆனால் மகன் சொன்னதும் தலையாட்டினாள். "நீயே சொல்றியா," என்றாள். எழுந்து, வைக்கோல் துரும்பைத் தட்டிவிட்டு, பெண்கள் இருந்த பக்கம் போனாள்.

ஜெயசீலன் மெதுவாகக் கேட்டான். "தொண்ணூத்தொம்போதா மச்சி?"

"ம்."

டேப்லெட் கேள்வி கேட்டது. ஜெயசீலன் அதைச் சத்தமாகப் படிக்கவில்லை, திருப்பிக் காட்டினான். கலைவேந்தன் 'ஆம்' என்பதைத் தன் விரலாலேயே அழுத்தினான். நன்றி என்று பச்சை எழுத்தில் வந்தது.

மூன்று மணிக்குப் பாடை எடுத்தார்கள். சுடுகாடு ஏரி வாய்க்காலை ஒட்டி இருந்தது. போகிற வழியில் அந்த வயல் வந்தது. தகரப் பலகை கொஞ்சம் சாய்ந்திருந்தது. மேளக்காரர்கள் அந்த இடத்தில் நிற்காமல் அடித்துக்கொண்டே போனார்கள்.

சிதைக்குப் பக்கத்தில் பாடையை இறக்கி, பக்கிரி முகத்தில் இருந்த துணியை விலக்கினார். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். கடைப் பச்சரிசி. வீட்டில் கூடம் முழுக்க நெல் மூட்டைகள் இருந்தன, ஆனால் பயிர்க்காரர்கள் எடை பார்க்கும்வரை பிரிக்கக்கூடாது என்று எல்லாவற்றிலும் சீல் இருந்தது. காலையில் ஒரு மூட்டையைப் பிரித்து இரண்டு பிடி குத்தலாமா என்று கேட்டபோது, கூடாது என்று சொன்னவன் கலைவேந்தன்.

"வாய்க்கரிசி போடறவங்க வரிசையா வாங்க," என்றார் பக்கிரி. "மாப்ள, நீ கடைசி."

பங்காளிகள் போட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் போட்டார், கடிதம் வந்தவர், இப்போது வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்வருபவர், கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி இருந்தது. பெரியவர் போட்டார். ஜெயசீலனும் ஒரு பிடி வாங்கிப் போட்டான்.

கலைவேந்தன் குந்தினான். மொட்டை அடித்த தலையில் வெயில் சுட்டது. பையில் மிச்சம் இருந்ததை வாரி அப்பாவின் வாயில் போட்டான். வாய் ஏற்கெனவே நிறைந்திருந்தது. அரிசி உதட்டில் குவிந்து நின்றது. ஒன்று மட்டும் உருண்டு, கன்னத்தைத் தாண்டி, காதோரம் போய்த் தனியாக நின்றது.

"ஆச்சா மாப்ள?" என்றார் பக்கிரி.

"ஒரு நிமிஷம் மாமா."

அவன் அந்த ஓர் அரிசியை இரண்டு விரலால் எடுத்து, மற்றவற்றோடு சேர்த்து வைத்தான்.