பின்கதவைப் பற்றிய கட்டுரை

மெய்ப்புப் பார்க்கிறவர்களிடம் போய்க் கதை கேட்கக் கூடாது. எந்தப் பக்கத்தில் ஒற்று விட்டுப்போயிற்று என்று டக்கென்று சொல்வார்கள்; அந்தப் பக்கத்தில் செத்தது யார் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார்கள். பொருளில் மனம் போனால் பிழை தப்பிவிடும் என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். அக்கா அதில் கெட்டி. பதிப்பகத்தில் எல்லோருக்குமே அவள் அக்காதான்.

ஒரு நிருபர் பத்திரிகையில் எழுதிய கட்டுரைகளின் தொகுப்பு, பல வருடம் கழித்து மறுபதிப்புக்கு வந்தது. முதல் பதிப்புக்கும் மெய்ப்புப் பார்த்தவள் அவளே. இந்த முறை அவசரம் இல்லை. வேலையை முடித்துவிட்டுச் சும்மா படித்தாள். அது வினையாகப் போயிற்று.

ஒரு கட்டுரை மெத்தைத் தொழிற்சாலையைப் பற்றியது. உள்ளே எங்கே பார்த்தாலும் பஞ்சும் பசையும், ஒரு பொறி விழுந்தால் போதும். திருட்டுப் பயத்தில் வேலை நேரம் முழுக்கப் பின்கதவைப் பூட்டியே வைக்கிறார்கள் என்று நிருபர் தொழிற்சாலையின் பெயரைப் போட்டே எழுதியிருந்தார். அந்தப் பெயரை அக்கா இன்னொரு முறை எழுத்துக் கூட்டிப் படித்தாள். போன வருடம் யார் யார் காலிலோ விழுந்து அவள் தம்பியைச் சேர்த்துவிட்ட இடம் அது. அடிப்பாவி, இதை ஓர் எழுத்து விடாமல் பார்த்தவள் நீதானே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தம்பிக்குப் போன் போட்டாள். இப்போதும் பூட்டுதான், சாவி மேனேஜரிடம் இருக்கும், அவர் மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார் என்று சர்வசாதாரணமாகச் சொன்னான். வேலையை விட்டுவிடு என்றாள். பிள்ளை பிறக்கப்போகிற நேரத்தில் எங்கே போவது, உன் வீட்டில் வந்து உட்காரட்டுமா என்று சிரித்தான். மேனேஜரிடம் ஒரு வார்த்தையாவது கேளடா என்று கெஞ்சிவிட்டு வைத்தாள்.

அடுத்து நிருபரைக் கூப்பிட்டாள். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆன மனிதர்.

"எழுதினேன்மா. விசாரணை வெச்சாங்க. எனக்கு விருதுகூடக் குடுத்தாங்க."

"அப்புறம் என்ன சார் ஆச்சு?"

"அப்புறம் புத்தகமா வந்துச்சு."

நீங்களாவது படித்தீர்களே என்று வேறு சொன்னார். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் தம்பியே கூப்பிட்டான். குரலில் அப்படி ஓர் உற்சாகம்.

"நீ சொன்னியேன்னு கதவைப் பத்திக் கேட்டேன்கா. இவ்வளவு அக்கறையான ஆளு இங்க யாருமில்லன்னு மேனேஜர் முதுகுல தட்டிக்குடுத்தாரு. நாளைலேர்ந்து காலைல அதைப் பூட்டி, சாவியக் கொண்டுபோய் அவர்கிட்டக் குடுக்கறது என் பொறுப்பு."



"பூட்டாதடா."

"நான் பூட்டலைன்னா வேற எவனாவது பூட்டத்தான் போறான். நானா இருந்தா உனக்கும் பெருமைதானேக்கா?"