சட்டாம்பிள்ளையின் கையெழுத்து

1

இந்தக் கதை ஒரு விளக்க அட்டையிலிருந்து வந்தது. அட்டையை எழுதியவன் நான்.

ஓர் அறைப் பள்ளி. இப்போது அருங்காட்சியகம். கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய வருகைப் பதிவேடு விரிந்திருக்கிறது. ஒரு பெயரின் மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் இரண்டு சொற்கள்: ‘மந்தபுத்தி. நீக்கப்பட்டான்.’ அதன் கீழே வைக்க நான் எழுதியது: ‘ஆசிரியரின் அழகிய கையெழுத்து.’

2

‘தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். அவள் கண்களில்—’

(அடித்துவிட்டேன். அவள் நிமிரவில்லை. துடைத்துக்கொண்டேதான் பேசினாள்.)

“அது வாத்தியார் எழுத்து இல்ல சார்.”

“பின்ன?”

“என்னோடது. நான்தான் அப்ப சட்டாம்பிள்ளை.”

[ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே வாத்தியார். பெரிய வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று சின்ன வகுப்புகளை மேய்க்கும். பதிவேடும் அதன் கையில். வாத்தியார் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவார்.]

சிவப்புக் கோடு விழுந்த பெயர் அவள் தம்பியுடையது. சனிக்கிழமை திறப்பு விழாவுக்குப் பழைய மாணவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். அவனும் வருகிறான். வாத்தியார் தன்னை விரட்டினார் என்று ஐம்பது வருடமாகத் திட்டிக்கொண்டிருப்பவன்.

“பக்கத்த மட்டும் திருப்பி வச்சிடுங்க சார். என் எழுத்து அவனுக்குத் தெரியும்.”

3

இந்தக் கதையின் முதல் வரைவில் வாத்தியார் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். வாசகர் அவளுக்காக அழ வசதியாக இருந்தது. அவளிடம் படித்துக் காட்டினேன்.

“அவரு ஒண்ணும் சொல்லல. நானாத்தான் எழுதுனேன்.”

“ஏன்?”

“வீட்டுல கைக்குழந்த. பாத்துக்க ஒருத்தர் நின்னாகணும். பொம்பளப் புள்ளையத்தான நிறுத்துவாங்க. அவன் மக்குன்னு ஆயிட்டா அவன நிறுத்துவாங்க.”

“உங்க தம்பி சரியா படிக்க மாட்டாரா?”

துணியை வாளியில் பிழிந்தாள்.

“என்னவிட நல்லா படிப்பான்.”

அதன்பின் அவள் இரண்டு வருடம் படித்தாள். பிறகு அவளையும் நிறுத்திவிட்டார்கள்.

(இங்கே இரக்கமாக ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன்.)

4

பக்கத்தைத் திருப்பலாமா என்று காப்பாளரிடம் கேட்டேன்.

“அந்தப் பக்கம்தான் சார் எடுப்பா இருக்கு. சிவப்பு மை. ஜனங்க அங்கதான் நிப்பாங்க.”

ஆனால் அட்டைகளை வைப்பதற்காகப் பெட்டிச் சாவி வெள்ளி மாலைவரை என்னிடம்தான் இருந்தது. திருப்ப மறந்துவிட்டேன் என்று எழுதலாம். பொய். பக்கம் திரும்பிவிட்டால் கதை இல்லை.

அட்டையை மட்டும் திருத்தினேன்: ‘சட்டாம்பிள்ளையின் அழகிய கையெழுத்து.’ தகவல் பிழை இருக்கக் கூடாது அல்லவா.

5

முடிவு ஒன்று: தம்பி வரவில்லை.

முடிவு இரண்டு: வருகிறான், படிக்கிறான். “அடிப்பாவி அக்கா” என்று சிரிக்கிறான். (நானே நம்பவில்லை.)

நடந்தது இது. தம்பி வந்தான். மடிப்புக் கலையாத சட்டை. கூட்டம் நின்ற இடத்தில் அவனும் நின்றான். குனிந்தான், பின்வாங்கினான், மறுபடி குனிந்தான்.

“அக்கா, கண்ணாடிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன். இங்க வா. என்ன எழுதியிருக்கான் அந்த ஆளு, படி.”

அவள் வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

அதன்பின் அவள் சொன்னதைக் கேட்கும் தூரத்தில்தான் நின்றேன். எழுத மாட்டேன். இதுவரை அவளுக்கு நான் செய்தது போதும். நீங்கள் ஏதாவது சொல்லிக்கொடுங்கள். சீக்கிரம். தம்பி காத்திருக்கிறான்.